பூமிக்கடியில் போகும் எரிவாயுக் குழாய்: உள்ளே பார்த்துச் சொல்வது யார்?

சித்தூர் ஜில்லாவில் மாந்தோப்புகளுக்கு நடுவிலும் வயல் ஓரங்களிலும் எச்சரிக்கைப் பலகை தாங்கிய சிறு கம்பங்கள் நிற்பதைப் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். "இங்கே தோண்டாதே" என்பதுதான் அவற்றின் சாரம். அவற்றுக்கு அடியில் எண்ணூரிலிருந்து வரும் எரிவாயுக் குழாய் போகிறது. திருவள்ளூரிலிருந்து பெங்களூர் வரை 271 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பகுதியை, சுமார் 910 கோடி ரூபாய்ச் செலவில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்தது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி பிரதமர் மோடி சென்னையில் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் உள்ள ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் இதனால் எரிவாயு கிடைக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 2018-ஆம் ஆண்டு நடந்த ஒன்பதாவது சுற்று ஏலத்தில், சித்தூர், கோலார், வேலூர் மாவட்டங்களில் வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் எரிவாயு வழங்கும் உரிமை ஒரு தனியார் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. மூன்று மாநிலத்து மாவட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே வட்டாரமாக ஏலம் விட்டார்கள். நதி நீர் விஷயத்தில் சேராத மூன்று மாநிலங்கள் அடுப்பு விஷயத்திலாவது சேர்ந்தன.

சிலிண்டருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், மாடிப்படியில் சுமந்து ஏற்ற வேண்டாம் என்பதெல்லாம் வாஸ்தவமே. ஆலைகளில் உலை எண்ணெய்க்குப் பதில் எரிவாயு வந்தால் புகையும் குறையும். எனவே குழாய் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் மண்ணுக்கு அடியில் புதைத்து மூடப்பட்ட இரும்பு உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்பதை யார் பார்க்கிறார்கள், பார்த்ததை யாரிடம் சொல்கிறார்கள் என்று கேட்க அதன்மேல் குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதன் விளைவை இதே ஆந்திர மாநிலம் ஒரு முறை கண்டிருக்கிறது.

நகரம் கிராமத்தில் நடந்தது

கிழக்கு கோதாவரி ஜில்லாவில், மாமிடிகுதுரு மண்டலத்தில் நகரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. பெயர்தான் நகரம், ஊர் கிராமம். தென்னந்தோப்பு நிறைந்த கோனசீமைப் பிரதேசம் அது. 2022-ல் ஜில்லாக்கள் பிரிக்கப்பட்ட பிறகு அம்பேத்கர் பெயரில் அமைந்த கோனசீமா ஜில்லாவில் சேர்ந்துவிட்டது.

அங்கே தாட்டிப்பாக்கா என்ற இடத்திலிருந்து விஜயவாடா அருகிலுள்ள கொண்டப்பள்ளி மின் நிலையத்துக்கு எரிவாயு கொண்டுபோகும் 18 அங்குலக் குழாய் ஒன்றை, மத்திய அரசு நிறுவனமான கெயில் நடத்தி வந்தது. 2014-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி விடியற்காலையில் அந்தக் குழாய் வெடித்தது. வெடிக்கும் முன்பே உள்ளேயிருந்து கசிந்த வாயு தெருக்களில் மேகம் போலப் பரவியிருந்தது. அதிகாலையில் டீக்கடை அடுப்பைப் பற்ற வைத்தபோது தீப்பிடித்ததாக அன்றைய செய்திகள் கூறின. பொறி எங்கிருந்து வந்ததென்பது இரண்டாவது விஷயம். கோனசீமையில் காலை ஐந்து மணிக்கு மேல் யாராவது ஒருவர் அடுப்புப் பற்ற வைக்காமல் இருக்க மாட்டார். ஜனங்கள் உறக்கத்திலேயே வெந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் கடைகளும் தென்னை மரங்களும் கருகி நின்றன.

மத்திய பெட்ரோலிய அமைச்சகம் விசாரணைக் கமிட்டி அமைத்தது. அதன் முடிவுகளாக வெளிவந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். குழாய் உலர்ந்த வாயுவுக்காகப் போடப்பட்டது. அதில் போனதோ ஈரம் கலந்த வாயு. ஈரத்தைப் பிரித்தெடுக்க வேண்டிய இயந்திரம் அமைக்கப்படவில்லை. தண்ணீரும் கரியமில வாயுவும் சேர்ந்து குழாயை உள்ளிருந்தே அரித்துவிட்டன. முன்பே கசிவுகள் ஏற்பட்டிருக்கின்றன. அவற்றை வெளியே பட்டை போட்டு இறுக்கித் தற்காலிகமாக அடைத்திருக்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் மனதை உறுத்துகிறது. வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் ரப்பர் சுற்றிக் கட்டுகிறோம். ஓரிடத்தில் கட்டினால் அடுத்த மாதம் நாலடி தள்ளி ஒழுகும் என்பது குடித்தனக்காரர் எல்லாருக்கும் தெரியும். ஏனென்றால் ஓட்டை விழுந்தது ஓரிடத்தில். இற்றுப் போனது குழாய் முழுதும். கசிவு என்பது குழாய் தானாகவே முன்வந்து கொடுத்த வாக்குமூலம். அந்த வாக்குமூலத்தை வாங்கிப் பட்டை போட்டு மூடி வைத்தார்கள். வாயு கசிகிறது என்று ஊரார் முன்னரே புகார் சொல்லியிருந்ததாகவும் அப்போது பேசப்பட்டது.

உள்ளே அரிப்பது எப்படி?

இரும்புக் குழாய்க்கு வெளியே வரும் துருவைத் தடுக்க வழி உண்டு. மேலே பிளாஸ்டிக் பூச்சு பூசுகிறார்கள். அத்துடன் மின்சாரத்தைச் சிறு அளவில் செலுத்தி மண்ணின் ஈரம் இரும்பைத் தின்னாமல் காக்கிறார்கள். இந்த இரண்டும் வெளிப்புறத்துக்கு மட்டுமே காவல். உள்ளே போகும் சரக்கு கெட்டதாக இருந்தால் இவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கிணற்றிலிருந்து வரும் வாயுவில் நீராவியும் கரியமில வாயுவும் சிறிது கந்தகமும் கலந்திருக்கும். சோடா பாட்டிலில் இருப்பதும் தண்ணீரில் கரைந்த அதே கரியமில வாயுதான். நாக்கில் சுறுக்கென்று படும் அந்த லேசான புளிப்பு, இரும்புக்குக் கொடிய விஷம். வாயு குளிர்ந்ததும் ஈரம் துளித்துளியாகச் சேர்ந்து குழாயின் அடிப்பகுதியில் வழிகிறது. நிலம் மேடு பள்ளமாகப் போவதால் குழாயும் அப்படியே போகிறது. பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கி, வருஷக் கணக்கில் அந்த ஓரிடத்திலேயே குழி பறிக்கிறது. மேலே பார்த்தால் பூச்சு பளபளவென்று இருக்கும். கால் அங்குலம், அரை அங்குலம் கனமுள்ள சுவர் அடியில் காகிதமாகிக் கொண்டிருக்கும். ஒரு நாள் உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் கிழிந்துவிடும்.

கோதாவரிக் கரையில் மட்டும் நடந்த கதையல்ல இது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19-ஆம் தேதி அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்கு அருகே 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. பெக்கோஸ் நதிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த 12 பேர், குழந்தைகள் உட்பட, மாண்டனர். அதுவும் விடியற்காலை ஐந்தரை மணி அளவில்தான். விசாரித்தபோது அங்கும் இதே காரணம்: உள்ளே தேங்கிய ஈரம், உள்ளிருந்து அரிப்பு. வெடித்த பகுதியில் சுத்தம் செய்யும் கருவியைக்கூட உள்ளே செலுத்த முடியாதபடி குழாய் அமைந்திருந்தது.

அங்கே ஒன்று நடந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 2002-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. ஜனங்கள் அடர்த்தியாக வசிக்கும் இடங்களில் போகும் எரிவாயுக் குழாய்களைப் பத்து ஆண்டுக்குள் ஒரு முறை முழுதாகப் பரிசோதிக்க வேண்டும், பிறகு ஏழாண்டுக்கு ஒரு முறை மறுபடியும் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அதனால் அமெரிக்காவில் விபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2006-ல் அலாஸ்காவில் பி.பி. கம்பெனியின் எண்ணெய்க் குழாய் உள்ளரிப்பினால் ஓட்டையாகி, இரண்டு லட்சம் காலனுக்கு மேல் கச்சா எண்ணெய் பனியில் கொட்டியது. பல ஆண்டுகளாக அந்தக் குழாய்க்குள் பரிசோதனைக் கருவியே அனுப்பப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. உலகத்திலேயே பணக்காரக் கம்பெனிகளில் ஒன்று அது. பணம் இல்லாததால் பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

'பன்றி' என்னும் கருவி

ரயில்வே ஸ்டேஷனில் வண்டி நின்றதும் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டு போகும் ஊழியரைப் பார்க்காதவர் இல்லை. கணீரென்று சத்தம் கேட்டால் சக்கரம் நன்றாக இருக்கிறது. மழுங்கிய சத்தம் வந்தால் எங்கோ விரிசல். தண்டவாளத்துக்கு வேறு முறை. கண்ணுக்குத் தெரியாத ஒலி அலையைத் தண்டவாளத்துக்குள் செலுத்தும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு அரக்கோணம் ரேணிகுண்டா மார்க்கத்திலும் ஆட்கள் வெயிலில் நடக்கிறார்கள். உள்ளே விரிசல் இருந்தால் எதிரொலி மாறும். உடனே அந்த இடத்தில் வர்ணத்தால் அடையாளம் போடுகிறார்கள்.

குழாய்க்கும் இதே தத்துவம்தான். ஆனால் வெளியே மண் மூடியிருப்பதால் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். அதற்காக உள்ளே அனுப்பும் கருவிக்கு ஆங்கிலத்தில் 'பிக்', அதாவது பன்றி என்று பெயர். ஆதியில் குழாயைச் சுரண்டிக்கொண்டு போகும்போது அது பன்றி போலக் கீச்சிட்டதால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். பெயர்க் காரணம் எப்படியோ, இன்று அந்தத் தொழிலில் யாரும் வேறு பெயரால் அதை அழைப்பதில்லை.

குழாயின் ஒரு முனையில் கதவு வைத்த அறை இருக்கும். கருவியை அதில் வைத்துக் கதவை மூடி வால்வைத் திறந்தால், பின்னால் வரும் வாயுவின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும். பல கிலோமீட்டர் தாண்டி மறுமுனையில் உள்ள அறையில் அதைப் பிடித்து வெளியே எடுப்பார்கள். முதலில் போவது தூரிகை கட்டிய சுத்தம் செய்யும் பன்றி. அழுக்கையும் துருவையும் தேங்கிய நீரையும் அது தள்ளிக்கொண்டு வரும். அடுத்து அலுமினியத் தகடு மாட்டிய ஒன்று போகும். அந்தத் தகடு வளையாமல் வந்தால் வழியில் நெளிசல் இல்லை என்று பொருள். அதற்குப் பிறகுதான் விலை உயர்ந்த 'புத்திசாலிப் பன்றி'யை உள்ளே விடுவார்கள்.

அதன் உடம்பில் வலுவான காந்தங்கள் பொருத்தியிருக்கும். போகிற வழியில் குழாயின் இரும்புச் சுவரை அது காந்தமாக்கும். சுவர் கனமாக இருந்தால் காந்த விசை சுவருக்குள்ளேயே ஓடிவிடும். அரித்து மெலிந்த இடத்தில் இடம் போதாமல் காந்த விசை வெளியே கசியும். சுற்றிலும் உள்ள உணரிகள் அதைக் குறித்துக்கொள்ளும். சிறு சக்கரங்கள் தூரத்தை அளக்கும். எத்தனையாவது மீட்டரில், கடிகார முள்ளின் எந்த மணி நிலையில், சுவரில் எத்தனை பங்கு கரைந்திருக்கிறது என்ற விவரமெல்லாம் அதன் வயிற்றில் பதிவாகும். 1960-களிலேயே அமெரிக்காவில் இந்த முறை புழக்கத்துக்கு வந்துவிட்டது. எண்ணெய்க் குழாய்களில் தண்டவாளத்தைப் போலவே ஒலி அலையைக் கொண்டும் கனத்தை அளக்க முடியும். ஒலி அலை குழாய்ச் சுவரில் இறங்க இடையில் ஒரு திரவம் தேவை. எண்ணெயே அந்தத் திரவமாகிவிடுகிறது. வாயுக் குழாயில் திரவம் இல்லையாதலால் காந்தம்தான் பெரிதும் உதவுகிறது.

நம் நாட்டிலும் இது கைவராத வித்தை அல்ல. பாபா அணுசக்தி ஆராய்ச்சி நிலையமும் இந்தியன் ஆயில் நிறுவனமும் சேர்ந்து இத்தகைய காந்தக் கருவியைச் சொந்தமாகவே உருவாக்கின. 12 அங்குலக் குழாய்க்கான கருவியில் தொடங்கிப் பெரிய அளவுகளுக்கும் செய்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் கருவியை விற்பதைக் காட்டிலும், வாடகைக்குக் கொண்டுவந்து பரிசோதனை செய்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போவதையே விரும்பின. அந்த நிலையில் இது பெருமைப்படத் தக்க காரியம். கருவி இல்லை என்ற சமாதானம் இனி யாருக்கும் கிடையாது.

ஆயினும் கருவியைப் பற்றி மிகையாக நினைக்கவும் கூடாது. காந்தக் கருவி அரிப்பைக் காட்டுவதில் கெட்டிக்காரன். நீளவாக்கில் ஓடும் மெல்லிய விரிசலைத் தவற விட்டுவிடக்கூடும். கூர்மையாகத் திரும்பும் வளைவுகளும் இடையில் அளவு மாறும் குழாய்களும் உள்ள பழைய பாதையில் அது நுழையவே நுழையாது. வந்த பதிவைப் படித்துச் சொல்ல அனுபவஸ்தர் வேண்டும். அவர் சொன்ன இடத்தில் மண்ணைத் தோண்டி நேரில் அளந்து பார்த்தால்தான் கணக்குச் சரியா என்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே பார்ப்பது என்றால் பல ஆண்டுக்கு ஒரு முறை பன்றியை ஓட்டுவது மட்டும் அல்ல. ஒவ்வொரு நாளும் உள்ளே என்ன போகிறது என்று பார்ப்பதே அதில் பாதி வேலை. நகரம் கிராமத்துக் குழாயில் ஈர வாயு போகிறது என்பதைக் கண்டுபிடிக்க எந்தப் பன்றியும் தேவைப்பட்டிருக்காது.

சித்தூருக்கு இதில் என்ன?

எண்ணூரிலிருந்து வருவது கிணற்று வாயு அல்ல. வெளிநாட்டிலிருந்து கப்பலில் திரவமாக வந்து, 2019-ல் திறக்கப்பட்ட முனையத்தில் மீண்டும் வாயுவாக்கப்பட்டது. வாயுவைத் திரவமாக்கும் முன் நீரையும் கரியமில வாயுவையும் நீக்காவிட்டால் குளிரில் அவை உறைந்து இயந்திரத்தையே அடைத்துவிடும். ஆகவே வருவது நன்கு உலர்ந்த வாயு. கோதாவரிக் கரையின் ஆபத்து அப்படியே இங்கு வரும் என்று யாரும் பீதி கிளப்ப வேண்டியதில்லை.

ஆனால் புதுக் குழாய்க்கும் ஒரு பலவீனம் உண்டு. பதித்து முடித்ததும் உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிக்கிறார்கள். சோதித்த பிறகு அந்தத் தண்ணீரை முழுவதும் வெளியேற்றி உலர்த்த வேண்டும். மேடு பள்ளம் நிறைந்த நிலத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் நீர் தங்கினாலும் அங்கிருந்து அரிப்பு ஆரம்பிக்கலாம். பதிக்கும்போது பாறையில் இடித்து நெளிந்த இடங்களும் இருக்கலாம். ஆகவேதான் புதுக் குழாயையும் தொடக்கத்திலேயே ஒரு முறை பரிசோதித்துக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். குழந்தை பிறந்தவுடன் எடை போட்டுக் குறித்து வைப்பது போன்றது இது. அந்த முதல் கணக்கு இருந்தால்தான் பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் கணக்குக்கு அர்த்தம் உண்டு.

ஊருக்குள் தெருத் தெருவாகப் போகும் குழாய் வேறு ரகம். அதில் பெரும் பகுதி பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்குத் துரு கிடையாது; பன்றியும் அதில் ஓடாது. அங்கே ஆபத்து உள்ளிருந்து வருவதில்லை. வெளியே தோண்டுகிறவர்களிடமிருந்து வருகிறது. ஒரு இலாகா ரோடு போட்டு முடித்ததும் மற்றொரு இலாகா அதைத் தோண்டுவது நம் ஊர்களில் பழகிப் போன காட்சி. திருப்பதியில் சாக்கடைக்கு ஒருவர், டெலிபோன் கேபிளுக்கு ஒருவர், குடிநீருக்கு ஒருவர் என்று மண்வாரி இயந்திரம் கொண்டு பள்ளம் பறிக்கிறார்கள். தோண்டும் முன் தெரிவிப்பதற்கென்று 2023 மார்ச் மாதம் மத்திய அரசு செல்போனில் ஒரு வசதியை ஏற்படுத்தியது. தோண்டுகிற காண்டிராக்டரும் பூமிக்கடியில் சொத்து வைத்திருக்கும் கம்பெனியும் அதன் மூலம் தொடர்பு கொள்ளலாம். மண்வாரி இயந்திரம் ஓட்டும் நம்மவர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மேஸ்திரி சொன்ன இடத்தில் தோண்டுவதுதான் அவர்கள் அறிந்த சட்டம்.

வேலை செய்கிறவர் பாடு

பரிசோதனைக் கருவியை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் ஆபத்தில்லாத வேலை அல்ல. அறைக்குள் அழுத்தம் முழுவதும் இறங்கிவிட்டதா என்று உறுதி செய்யாமல் கதவைத் திறந்தால், கதவும் கருவியும் பீரங்கிக் குண்டு போலப் பாயும். வெளிநாடுகளில் இப்படி இறந்தவர்கள் உண்டு. கந்தகம் கலந்த வாயு ஓடிய குழாயிலிருந்து வரும் கறுப்புத் தூள் இன்னொரு சத்துரு. காற்றுப் பட்டதும் தானாகவே தீப்பற்றும் குணம் அதற்கு உண்டு. அதனால் அதைத் தண்ணீர் விட்டு நனைத்து வைக்க வேண்டும். கூட்டிப் பெருக்கும் சாதாரணக் குப்பை என்று நினைத்து ஒரு கூலிக்காரரை அள்ளச் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதிவு காட்டிய இடத்தில் பள்ளம் தோண்டிக் குழாயைத் திறப்பதும் தினக்கூலி ஆட்களின் வேலையே. கருவியின் பெயரும் அதை அனுப்பிய கம்பெனியின் பெயரும் ரிப்போர்ட்டில் இருக்கும். பள்ளத்தில் இறங்கியவரின் பெயர் காண்டிராக்டரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தாலே அதிகம். தமிழ்நாட்டிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து இத்தகைய வேலைகளில் சேருகிறவர்கள், பள்ளத்தில் இறங்கும் முன் "உள்ளே வாயு இருக்கிறதா என்று அளந்தீர்களா?" என்று கேட்பதற்குத் தயங்கக் கூடாது. அளக்கும் கருவி கையடக்கமானது. அது இல்லாத இடத்தில் வேலை நடக்கக் கூடாது.

கணக்கு எங்கே?

விதிகள் இல்லாமல் இல்லை. எண்ணெய்த் தொழில் பாதுகாப்புக்கென்று 1986-லேயே மத்திய அரசு ஒரு இயக்குநரகம் அமைத்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் உருவாயிற்று. எரிவாயுக் குழாய்களின் உறுதியைக் காப்பது எப்படி என்று அந்த வாரியம் 2012-ல் தனியாகவே விதிமுறை வெளியிட்டது. அதாவது நகரம் கிராமம் எரிந்தது விதி பிறந்து இரண்டு ஆண்டு கழித்து. விபத்துக்குப் பின் அதிகாரிகள் சிலர் சஸ்பெண்டு ஆனார்கள். கோதாவரிப் படுகையில் பழைய குழாய்களை மாற்றும் வேலையும் எடுத்துக்கொள்ளப்பட்டது. குழாய்கள் மூடப்பட்டதால் மின் நிலையங்கள் வாயு இல்லாமல் தவித்தன. ஈரத்தைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு, இந்த நஷ்டத்தின் முன் எம்மாத்திரம்?

விதியில் இல்லாதது ஒன்று உண்டு. பரிசோதனையின் முடிவை நிலத்துக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் நடைமுறையில் எங்கும் காணோம். 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய் போகும் நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். நிலத்தின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு கொடுத்து உபயோக உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டையில் அவர் வீடு கட்டக் கூடாது. கிணறு, குளம் வெட்டக் கூடாது. மரம் நடக் கூடாது. தோத்தாபுரி மாங்காயை நம்பிக் கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டருடன் நிற்கும் சித்தூர் விவசாயிக்கு, மரம் நடக் கூடாது என்பதன் பொருள் நன்றாகவே தெரியும். கொங்கு நாட்டு விவசாயிகள் கொச்சி பெங்களூர் குழாயை எதிர்த்து 2012, 2013-ல் கிளம்பியதும் இதனால்தான். தமிழக அரசு அவர்கள் பக்கம் நின்றது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்த அப்பீலைத் தள்ளிவிட்டது. நிலத்தைக் கொடு என்று சட்டம் சொல்கிறது. கொடுத்த நிலத்துக்கு அடியில் என்ன நிலைமை என்று தெரிந்துகொள்ள வழி சொல்லவில்லை.

தமிழ்நாட்டிலும் ஜனங்கள் இதை மூக்காலும் காலாலும்தான் கண்டுபிடித்தார்கள். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்த பிறகுதான், துறைமுகத்திலிருந்து வரும் எண்ணெய்க் குழாய் கசிவது ஊருக்குத் தெரிந்தது. 2023 மார்ச்சில் நாகூர் அருகே பட்டினச்சேரி மீனவர்கள் கடற்கரையில் கச்சா எண்ணெய் மிதப்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். இரண்டு இடத்திலும் முதலில் கண்டது கருவி அல்ல.

குழாயின் முழு ரிப்போர்ட்டையும் வெளியிட்டால் நாசகாரர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அதில் ஓரளவு நியாயம் உண்டு. எத்தனையாவது மீட்டரில் சுவர் மெலிந்திருக்கிறது என்று தெருவில் ஒட்ட வேண்டியதில்லை. கடைசியாக எந்தத் தேதியில் உள்ளே பரிசோதனை நடந்தது, அடுத்தது எப்போது, இந்தப் பஞ்சாயத்து எல்லைக்குள் பழுது பார்க்க வேண்டிய இடம் உண்டா, உண்டென்றால் முடிந்ததா என்ற நாலு வரி போதும். ரயில் பெட்டியின் பக்கவாட்டில் கடைசியாக எந்தப் பணிமனையில் எப்போது பழுது பார்த்தார்கள் என்று வர்ணத்தில் எழுதியிருக்கிறது. பயணிகள் அதைப் படிப்பதில்லை. ஆயினும் எழுதாமல் வண்டியை விடுவதில்லை. எச்சரிக்கைக் கம்பத்தில் டெலிபோன் நம்பர் எழுத இடம் இருக்கிறபோது தேதி எழுதவா இடம் இருக்காது?

இந்தியன் ஆயில் பொதுத்துறை நிறுவனம். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். குழாய் போகும் கிராமங்களின் சர்பஞ்சோ, நிலத்துக்காரரோ, வேறு எந்தப் பிரஜையோ பத்து ரூபாய் கட்டி இந்தக் கேள்விகளைத் தெலுங்கிலேயே எழுதிக் கேட்கலாம். பிரதேச மொழியில் மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பதில் கொடுக்க முப்பது நாள் கெடு. ஊருக்குள் விநியோகிக்கும் தனியார் கம்பெனியிடம் நேரடியாக இப்படிக் கேட்க முடியாது. அதைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை வாரியம் டில்லியில் இருக்கிறது. அங்கே எழுதிக் கேட்க வேண்டும்.